பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஓர் ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

தாத்தாவின் பிறப்புச் சான்றிதழில் தஞ்சாவூர் மாவட்டம். அப்பாவின் சான்றிதழில் நாகப்பட்டினம் மாவட்டம். பேரனுடையதில் மயிலாடுதுறை மாவட்டம். மூவரும் பிறந்தது ஒரே வீட்டில். காவிரிப் படுகையில் இது வெகு சாதாரணம். பழைய பத்திரம், கப்பல் பதிவு, கோயில் கல்வெட்டுப் படி, தபால் அட்டை என்று எதையாவது கையில் வைத்துக்கொண்டு "இந்த ஊர் இப்போது எங்கே?" என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் மாவட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். அது தலைகீழான வழி. படுகையில் முதலில் தேடவேண்டியது ஆறு. அதற்குப் பிறகுதான் ஆபீஸ்.

தாளில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

எழுத்துப்பிழை என்று தோன்றினாலும் திருத்தாதீர்கள். ஜில்லா, தாலுக்கா, சரகம், மாகாணம், வட்டம், கிராமம், அதற்கு முன்னால் நிற்கும் எண் எல்லாவற்றையும் இருக்கிற வரிசையிலேயே படியெடுங்கள். தாளின் தேதியைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டுத் தாள் என்பது தெரியாமல் மேலே ஓரடியும் வைக்க முடியாது.

இங்கே இரண்டு சொற்கள் ஆளைக் கவிழ்க்கும். ஒன்று, "மாகாணம்". தஞ்சைப் பத்திரங்களில் தாலுக்காவுக்குக் கீழே வரும் மாகாணம் சென்னை மாகாணம் அல்ல. சில கிராமங்களைச் சேர்த்து வரி வசூலுக்காகக் கட்டிய ஒரு சிறு தொகுதிக்கு இந்த வட்டாரத்தில் அதுதான் பெயர். மற்றொன்று, "வட்டம்". இன்றைக்கு வட்டம் என்றால் தாலுக்கா. பழைய பத்திரத்தில் தாலுக்கா பெயர் முன்பே வந்து, அதன் பிறகு இன்னொரு வட்டம் வந்தால், அது கிராம அளவிலான பிரிவு. இது தெரியாதவர்கள் இல்லாத ஒரு தாலுக்காவைத் தேடி அலைவார்கள்.

தேதி பசலியில் (வருவாய்க் கணக்குக்கு வைத்த ஆண்டுமுறை) இருந்தால் 590ஐக் கூட்டுங்கள். பசலி ஆண்டு ஜூலையில் பிறந்து ஜூன் 30இல் முடிவதால், ஜனவரி முதல் ஜூன் வரையிலான தாளுக்கு 591 கூட்டவேண்டும். பசலி 1430 என்பது 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரை. மராட்டியர் காலத்து ஆவணம் சக ஆண்டில் இருந்தால் 78 கூட்டிக்கொள்ளுங்கள். பிரபவ, விபவ என்று அறுபதாண்டுப் பெயர் மட்டும் இருந்தால் தனியாக அதை நம்பாதீர்கள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பிவரும்.

ஆங்கில எழுத்தைத் தமிழாக்குவது

மலேயா, தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ் போன வம்சாவளியினரிடம் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலத் தாள்தான். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, சொன்னவருக்கு ஆங்கிலம் தெரியாது. வெள்ளைக்காரர் வைத்த பெயர்களில் நிலைத்துப்போனவை சில: டிராங்கிபார் தரங்கம்பாடி, ஷியாலி சீர்காழி, கோலரூன் கொள்ளிடம், பாயிண்ட் கலிமேர் கோடியக்கரை. தேவாரம் பாடிய மயிலாடுதுறையே நடுவில் மாயூரமாகவும் மாயவரமாகவும் இருந்துவிட்டுத் திரும்ப மயிலாடுதுறை ஆனது. எனவே மாயவரம் என்ற பெயரில் ஒரு நூற்றாண்டுத் தாள்கள் கிடக்கின்றன.

மிக மோசமான குழப்பம் திருவாரூரில். பழைய ஆங்கிலத் தாள்கள் அதை "திருவலூர்" என்று ஒலிக்கும்படி எழுதின. அதைப் பார்த்துச் சென்னைக்குப் பக்கத்திலுள்ள திருவள்ளூருக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. ஜில்லா "டான்ஜூர்" (தஞ்சாவூர்) என்றிருந்தால் திருவாரூர்தான், சந்தேகமே வேண்டாம்.

ஆங்கிலத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. ண, ன, ந மூன்றுக்கும் ஒரே எழுத்து. ஆகவே ஊர்ப்பெயருக்குச் சாத்தியமான தமிழ் வடிவங்கள் எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டு தேடுங்கள். மேல, கீழ, வட, தென் என்ற முன்னொட்டு விழுந்துபோயிருக்கலாம். மேலத்திருப்பூந்துருத்தி, கீழத்திருப்பூந்துருத்தி போல இரட்டை ஊர்கள் இங்கே ஏராளம். முன்னொட்டு இல்லாமல் "திருப்பூந்துருத்தி" என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டையும் பட்டியலில் வையுங்கள்.

சத்திரப் பெயர்கள் இன்னொரு வகை. மராட்டிய அரசர்கள் சத்திரம் கட்டிய இடங்களுக்கு அரச குடும்பப் பெண்களின் பெயர் வந்தது. முத்தாம்பாள்புரம் என்று தாளில் இருந்தால் ஒரத்தநாட்டைப் பாருங்கள். யமுனாம்பாள்புரம் என்றால் நீடாமங்கலம். மக்கள் நாவில் பழைய பெயரே நின்றுவிட்டதால், இந்த அரசுப் பெயர்களை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது.

ஆற்றைப் பிடியுங்கள்

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. அங்கிருந்து கிழக்கே கல்லணையில் தண்ணீர் மறுபடி பங்காகிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், மிகை நீருக்குக் கொள்ளிடம். இந்த நான்கில் உங்கள் ஊர் எதன் பாசனம் என்று தெரிந்தால் தேடும் பரப்பு அப்போதே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

காவிரிப் பிரிவு வடக்கே. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகாரில் கடல்சேரும். குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், திருமலைராஜன், முடிகொண்டான், மண்ணியாறு எல்லாம் இதன் கிளைக்குடும்பம். கும்பகோணம் நகரம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிறது. அரசலாற்றைப் பிடித்துக்கொண்டே போனால் காரைக்காலில் கடலைப் பார்க்கலாம்.

வெண்ணாற்றுப் பிரிவு தெற்கே. தென்பெரம்பூரில் வெட்டாறும் வடவாறும் பிரியும். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று கிளைக்கும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்து ஊர்கள் இதன் கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்துசேரும் பகுதி. கல்லணைக் கால்வாயை ஊரார் "புது ஆறு" என்பார்கள். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி மேட்டுப்பகுதிக்கு அதுதான் தண்ணீர். 1934க்கு முந்தைய பத்திரத்தில் புது ஆறு எல்லையாக வந்தால் தாளையே சந்தேகப்படலாம். அல்லது அது வேறொரு புத்தாறு.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். பத்திரத்தில் "வெட்டாற்றுக்கு வடக்கு, குடமுருட்டிக்குத் தெற்கு" என்றிருந்தால் அது எவ்வளவு ஒடுங்கிய நிலத்துண்டு என்பது அந்தப் பயணத்தில் விளங்கிவிடும்.

ஆற்றுப் பெயரிலும் பொறி உண்டு. வடவாறு இரண்டு: தஞ்சாவூரைத் தொட்டுப்போவது ஒன்று, கொள்ளிடத்தின் கீழணையான அணைக்கரையிலிருந்து வீராணம் ஏரிக்குப் போவது இன்னொன்று. நீடாமங்கலத்துக் கோரையாறு ஒன்று, திருச்சி நகரத்தை ஒட்டிய கோரையாறு வேறொன்று. வெள்ளாறும் அப்படித்தான், கடலூர்ப் பக்கம் ஒன்று, புதுக்கோட்டைப் பக்கம் ஒன்று. இன்னொன்று: மேலே பாசன ஆறாக வருவது கீழே வடிகாலாக மாறிவிடும். கடைமடையில் "ஆறு" என்று மக்கள் காட்டுவது பொதுப்பணித்துறை வரைபடத்தில் வடிகால் என்ற பட்டியலில் இருக்கலாம். ஒரு பட்டியலில் இல்லையென்றால் மற்றதையும் புரட்டுங்கள்.

கையில் தாளே இல்லை, குலதெய்வமும் ஊர்க்கோயிலும் மட்டும் தெரியும் என்றால், கோயில் பாடல்பெற்ற தலமா என்று பாருங்கள். தேவாரத் தலங்களைக் காவிரி வடகரை 63, தென்கரை 127 என்று பகுத்து வைத்திருக்கிறார்கள். கரை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் வடகரை கொள்ளிடத்தோடு நின்றுவிடாது. சிதம்பரமே அந்தப் பட்டியலில் இருக்கிறது, அது கடலூர் மாவட்டம்.

கல்வெட்டுப் படி இருந்தாலும் இதே முறைதான். ராஜராஜன் காலத்தில் சோழமண்டலத்தை வளநாடுகளாகப் பிரித்தபோது ஆறுகளே எல்லைகளாக நின்றன. காவிரிக்கு வடக்கே ராஜேந்திரசிங்க வளநாடு, காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே உய்யக்கொண்டார் வளநாடு. பின்வந்த அரசர்கள் வளநாட்டுப் பெயரை மாற்றினார்கள், அதற்குள் அடங்கிய நாட்டின் பெயர் அவ்வளவாக மாறவில்லை. ஆகவே கல்வெட்டில் வளநாட்டைவிட நாட்டின் பெயரைப் பிடித்துக்கொள்வது பத்திரம்.

தாளின் ஆண்டுக்கு எது மாவட்டம்?

1799இல் இரண்டாம் சரபோஜி ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்தபின் தஞ்சாவூர் ஜில்லா உருவானது. கலெக்டரின் தலைமையிடம் முதலில் நாகப்பட்டினம். தரங்கம்பாடியை டேனியர் விற்ற 1845 முதல் தரங்கம்பாடி. 1860இல்தான் தஞ்சாவூருக்கு வந்தது. அந்தக் காலத்துக் கடிதம் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்டிருந்தால் எழுதியவர் ஊர் தரங்கம்பாடி என்று முடிவு கட்டவேண்டாம்.

1901 கணக்கெடுப்பில் 22 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த இந்த ஜில்லாவுக்கு ஒன்பதே தாலுக்காக்கள்: தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், சீர்காழி, நன்னிலம், நாகப்பட்டினம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை. இன்றைய தாலுக்காக்கள் எல்லாம் இவற்றின் பிள்ளை, பேரப்பிள்ளைகள். தாளில் மாயவரம் என்றால் இன்றைய குத்தாலம், தரங்கம்பாடி தாலுக்காக்களையும் பாருங்கள். திருத்துறைப்பூண்டி என்றால் வேதாரண்யத்தையும், மன்னார்குடி என்றால் நீடாமங்கலத்தையும், பட்டுக்கோட்டை என்றால் பேராவூரணியையும், நாகப்பட்டினம் என்றால் கீழ்வேளூர், திருக்குவளையையும்.

அதன் பிறகு நடந்த பிரிவினைகள்: 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்து அறந்தாங்கிப் பக்கம் அங்கே போனது. 1991 அக்டோபர் 18இல் நாகப்பட்டினம் தனியானது. சில ஆண்டுகள் அதன் பெயரோடு காயிதே மில்லத் பெயரும் சேர்ந்திருந்தது. 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்தபோது அதுவும் போயிற்று, ஆகவே அந்தப் பெயர் தாளில் இருந்தால் ஆறு வருட இடைவெளிக்குள் தேதி அடங்கிவிடுகிறது. 1997 ஜனவரி 1இல் திருவாரூர். நன்னிலம், குடவாசல் போன்றவை நாகையிலிருந்து வந்தன, வலங்கைமான் மட்டும் தஞ்சாவூரிலிருந்து வந்தது. 2020 டிசம்பர் 28இல் மயிலாடுதுறை, சீர்காழி, குத்தாலம், தரங்கம்பாடி நான்கும் நாகையைவிட்டு மயிலாடுதுறை மாவட்டமாயின.

மக்கள்தொகை எண்களை ஒப்பிடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர் 24,05,890, நாகப்பட்டினம் 16,16,450, திருவாரூர் 12,64,277. அந்த நாகப்பட்டினத்துக்குள் மயிலாடுதுறை இருக்கிறது. இன்றைய நாகை மாவட்டத்தின் பரப்பால் அந்த எண்ணை வகுத்து மக்கள் நெருக்கம் கணக்கிட்டால் அபத்தமான விடை வரும். பழைய தஞ்சாவூரோடு ஒப்பிடவேண்டுமானால் மூன்றையும் கூட்டுங்கள்: 52,86,617. 1974க்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் அறந்தாங்கியையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

காரைக்கால் தனிக்கதை. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து, 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழுமையாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஊர்கள் எந்தக் காலத்திலும் தஞ்சாவூர் ஜில்லாப் பதிவேட்டில் கிடைக்கா. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் பிரெஞ்சில் கொம்யூன் (நகராட்சி போன்ற பிரெஞ்சு நிர்வாகப் பிரிவு) வாரியாக இருக்கும். சுற்றிலும் தமிழ்நாடுதானே என்று தமிழக அரசுத் தளத்தில் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

ஒரு சோதனை: ஆலங்குடி

1930ஆம் ஆண்டுத் தாள். "தஞ்சாவூர் ஜில்லா, ஆலங்குடி" என்று மட்டும் இருக்கிறது. கூகுளில் தேடினால் இரண்டு ஆலங்குடிகள் முன்னால் வரும்: புதுக்கோட்டை மாவட்டத்துத் தாலுக்காத் தலைநகர், திருவாரூர் மாவட்டத்துக் குரு ஸ்தலம். 1930இல் புதுக்கோட்டை தொண்டைமானின் தனி சமஸ்தானம். 1948 மார்ச்சில் இந்தியாவோடு சேர்ந்தபோதும் திருச்சி மாவட்டத்தோடுதான் இணைந்தது. ஆகவே முதலாவது அடிபடுகிறது. மற்றது தேவாரத்தில் திரு இரும்பூளை, தென்கரைத் தலம், இன்றைக்கு வலங்கைமான் வட்டம். 1997வரை தஞ்சாவூர் மாவட்டத்திலேயே இருந்தது. ஆண்டும் கரையும் ஒத்துப்போகின்றன. இதற்குப் பிறகும் இன்னொரு சிற்றூர் ஆலங்குடி இருக்கக்கூடும் என்பதால் கிராமப் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பின்கோடும் தொகுதியும் சாட்சி அல்ல

தபால்துறை மாவட்ட எல்லையைப் பார்த்துப் பிரிப்பதில்லை. 612 என்று தொடங்கும் பின்கோடு கும்பகோணத்துடையது, ஆனால் திருவாரூர் மாவட்டத்துக் குடவாசலும் வலங்கைமானும் அதற்குள்தான். 614இல் மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி மூன்றும் அடங்கும், மூன்றும் மூன்று மாவட்டம். 609 மயிலாடுதுறைக்கும் உண்டு, யூனியன் பிரதேசமான காரைக்காலுக்கும் உண்டு. நாடாளுமன்றத் தொகுதி அதைவிட மோசம்: கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் மூன்றும் தஞ்சாவூர் மாவட்டம், ஓட்டு மயிலாடுதுறைத் தொகுதிக்கு. ஊரைக் கண்டபின் சரிபார்க்க பின்கோடு உதவும். தேடத் தொடங்குவதற்கு உதவாது.

ஏணியில் இறங்குவது

தாலுக்கா உறுதியானபின் வருவாய்த்துறை ஏணியில் இறங்குங்கள்: மாவட்டம், வருவாய்க் கோட்டம், வட்டம், குறுவட்டம் என்ற பிர்கா, வருவாய் கிராமம். வளர்ச்சித்துறைக்கு வேறொரு ஏணி: ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி, குக்கிராமம். இரண்டும் ஒன்றல்ல. ஒரு ஊராட்சிக்குள் இரண்டு வருவாய் கிராமங்கள் வரலாம், ஒரு வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் கிடக்கலாம். வீட்டுவரி ரசீதில் உள்ள ஊர்ப்பெயரைக் கொண்டு பட்டா தேடினால் "கிராமம் இல்லை" என்று வருவதற்கு இதுவே காரணம். நிலம் என்றால் வருவாய் கிராமம், வீட்டுவரி, குடிநீர் என்றால் ஊராட்சி.

தமிழ்நாடு அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" நிலத்தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல்கள் வரும். நிலம் தேவையில்லை என்றாலும் அந்தக் கிராமப் பட்டியலே அருமையான கருவி. நீங்கள் எழுதிவைத்த எல்லா எழுத்து வடிவங்களையும் அதில் ஒப்பிடுங்கள். சர்வே எண் இருந்தால் அ-பதிவேட்டு (கிராமத்து நிலங்களைப் பட்டியலிடும் வருவாய்ப் பதிவேடு) விவரத்தையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பார்க்கலாம். பழைய பைமாஷ் எண்ணை (சர்வேக்கு முந்தைய நில அளவை எண்) சர்வே எண் கட்டத்தில் போட்டால் யாரோ ஒருவரின் நிலம் வந்து நிற்கும். 1980களில் முடிந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் மாறியிருப்பதால், அதற்கு முந்தைய உட்பிரிவு எண்ணையும் அப்படியே நம்பமுடியாது. வட்ட அலுவலகத்தில் பழைய அ-பதிவேட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

வில்லங்கச் சான்று எடுக்கப் போனால் இன்னொரு எல்லை குறுக்கே வரும். சார்பதிவாளர் அலுவலகத்தின் ஆளுகை தாலுக்கா எல்லையோடு ஒத்துப்போகவேண்டிய அவசியமில்லை. பத்திரத்தின் முதல் பக்கத்து முத்திரையில் எந்த அலுவலகம் என்று இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள். கணினியில் ஏறாத ஆண்டுகளுக்கு மனுக்கொடுத்துக் கையால் தேடச் சொல்லவேண்டியிருக்கும்.

மா, குழி, நான்கெல்லை

படுகையில் நிலத்தை இன்னும் மா கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி, 33 செண்ட். 20 மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று வரும்: 0.13.50 என்றிருந்தால் ஏறக்குறைய ஒரு மா. பத்திரத்தில் "மா" அளவாகவும் வரலாம், இருபதில் ஒரு பங்கு என்ற பின்னமாகவும் வரலாம். பங்கு பிரிக்கும் பத்திரத்தில் இதைக் கவனிக்கவில்லையென்றால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

நான்கெல்லையைப் படிக்கும்போது பலர் திசையைத் திருப்பிப்போட்டுவிடுகிறார்கள். "வாய்க்காலுக்கு வடக்கு" என்றால் நிலம் வாய்க்காலுக்கு வடக்கே இருக்கிறது. வாய்க்கால் நிலத்தின் தெற்கெல்லை. நான்கு எல்லைகளையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பக்கத்து நிலக்காரரின் பெயர் மூன்று தலைமுறையில் போய்விடும், வாய்க்காலின் பெயர் நிற்கும். அந்த வாய்க்காலுக்கு எந்த மதகிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதுதான் நேரில் போனால் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

நேரில் போகும்போது

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தைப் பதிவு செய்து இறக்கி, ஆற்றையும் தாலுக்கா எல்லையையும் வண்ணப் பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஐ ஒட்டி, தண்ணீர் வருவதற்கு முன் போனால் வாய்க்கால் வரப்பில் நடக்கலாம், எல்லைக்கல்லும் கண்ணில்படும். அக்டோபர், நவம்பரில் போனால் கடைமடையில் கல் இருக்கும் இடமே தெரியாது.

விசாரிக்க நீர்ப்பாய்ச்சுகிறவரைப் பிடியுங்கள். எந்த வாய்க்கால் எந்த ஊர் எல்லையில் முடிகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. கர்ணம் (கிராமக் கணக்கர்), பட்டாமணியம் (கிராமத் தலைவர்) என்ற பரம்பரைப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. ஆனாலும் "கர்ணம் வீடு" என்று கேட்டால் தெருவைக் காட்டிவிடுவார்கள், சில வீடுகளில் பழைய கணக்கின் படிகளும் இருக்கும். இன்றைய கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) மாற்றலில் வந்தவராக இருக்கலாம், ஊர்க்கதை தெரியாது என்று குறைசொல்லிப் பயனில்லை. அவரிடம் கேட்கவேண்டியது கிராம எண், பிர்கா, கிராம வரைபடம் மூன்றும்தான்.

பசலி முடியும் தறுவாயில், மே, ஜூனில், ஜமாபந்தி என்ற வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கும். அந்தந்த பிர்காவுக்குரிய நாளில் கிராமக் கணக்குகள் எல்லாம் வட்ட அலுவலகத்துக்கு வந்துவிடும். மனு கொடுக்க நல்ல நாள். உட்கார்ந்து பழைய பதிவேட்டைப் புரட்டக் கேட்டால் நடக்காது, அதற்கு ஜூலைக்குப் பிறகு போங்கள்.